ஓகே சொல்ல ஆள் இல்லாத அறை

நவ. 22, திங்கள்

தூறல். பஸ் ஜன்னல் மூடாது. வலது தோள் மட்டும் நனைந்தபடி இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தேன். ஒரகடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல், நடுநடுவே அளந்து நட்ட கல், கல்லுக்கு ஒரு கொக்கு. கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் கொக்குகள் மனை பிடித்துவிட்டன என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் டெஸ்ட் முடிந்தது. பேட்ச்சில் எல்லோரும் பாஸ். இசக்கியம்மாள் மட்டும் பெயில். இரண்டாவது தடவை.

பல வருஷம் கழித்து இந்த நோட்டை எடுத்தால் எனக்கே புரியாது, அதனால் எழுதிவைக்கிறேன். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கும் கம்பெனி இது. நான் டிரெய்னர். தெற்கேயிருந்து பஸ் ஏறி வருகிற பெண்களுக்கு எந்த நிற ஒயர் எந்தத் துளையில் என்று பழக்குவது என் பிழைப்பு. முன்பு வாயால் கேள்வி கேட்போம், வாயால் பதில் சொல்வார்கள். இந்த வருஷத்திலிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில். அரை மணிக்குள் நாற்பது கேள்வி. மூன்று முறைக்குள் தேறாதவர் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இசக்கியின் கை அந்த பேட்ச்சிலேயே நல்ல கை. பீடி சுற்றிய விரல்கள். போர்டில் ஒயர் ஓட்டும்போது பார்க்க வேண்டும், எனக்கே வேலை மறந்துபோகும். ஆனால் டெஸ்டில் பாதிக் கேள்வி முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. போட்ட பாதியில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே வந்து சொன்னாள்: "திரும்பிப் போனா மடியில தட்டுதான் மேடம். எலை, தூளு, நூலு. நான் போவ மாட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மூன்றாவது டெஸ்ட் அடுத்த வாரம் வியாழன்.

நவ. 23, செவ்வாய்

வெயில் ஒரு மணி நேரம். துணி காயவில்லை.

மத்தியானம் இசக்கியை டிரெய்னிங் ரூமில் உட்கார வைத்துப் பழைய கேள்விகளைப் போட்டேன். நான் பின்னால் நின்றேன். நாற்பதையும் முடித்துவிட்டாள்! நேரமும் மிச்சம். என்னிடம் முடிகிறது, டெஸ்டில் முடியவில்லை. பிரபாகர் சார் (எச்.ஆர்.) சுலபமாகச் சொல்லிவிட்டார்: "பயம் மேடம். வில்லேஜ் கேர்ள்ஸ். ஒண்ணும் பண்ண முடியாது."

பயமா? லேபர் கான்ட்ராக்டரிடம் ரூமுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டவள் அவள். பயமாம்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டர். போன மாதம் கண்டுபிடித்த அந்த சைட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கு என்றே ஒன்று. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற வாத்தியார்கள் தாங்கள் செய்த பாடத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சமைத்ததை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுபோல. பணம் கேட்பதில்லை, பேர்கூடக் கேட்பதில்லை. இப்படியும் மனுஷர்கள்.

அங்கே எடுத்ததுதான் மீன் விளையாட்டு. மவுஸ் பிடிக்கத் தெரியாத குழந்தைகளுக்காக யாரோ செய்தது. மீன் நீந்தும், அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன்மேல் அமுக்கினால் குமிழி விட்டுச் சிரிக்கும். முதல் தடவை ஃபிளாப்பியில் கொண்டுபோனபோது என்னிடம் இருந்தது அந்தப் பக்கத்துக்குப் போகிற குறுக்குவழி மட்டும், விளையாட்டு இல்லை. டிரெய்னிங் ரூமில் நெட் கிடையாது. பெண்கள் எல்லாம் சுற்றி நிற்க, நான் வெள்ளைத் திரையைக் காட்டி "மீன் இப்போ வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த தடவை முழுசாக இறக்கிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் பூரா யூனிஃபார்ம் போட்ட பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு மீன் பிடித்தார்கள். அது எனக்கு மறக்காது.

இன்று கேள்வி கேட்கும் பக்கத்தில் எழுதினேன். டிக்‌ஷனரி வைத்து, தப்புத் தப்பான இங்கிலீஷில்: என் மாணவி பயிற்சியில் முடிக்கிறாள், தேர்வில் முடிப்பதில்லை, ஏன்?

சென்டர்காரர்: "மேடம், மழ வர மாதிரி கீது. கரண்ட் பூட்ச்சுன்னா அல்லாம் பூடும். சீக்கிரம் அனுப்பிக்கோங்க."

அனுப்பினேன்.

நவ. 25, வியாழன்

மழை. ஷெட் கூரையில் விழுகிற சத்தத்தில் யார் பேசினாலும் வாய் மட்டும் அசைகிறது. பிரபாகர் சார் நெடுநேரம் பேசினார். நன்றாக இருந்தது.

சென்டருக்குப் போனேன். பதில் வந்திருந்தது! ஒரு பெண். பேர் எலீனா. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறவளாம். மீன்பிடிக்கிற ஊர், இப்போதெல்லாம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று எழுதியிருக்கிறாள். கேட்டதற்குப் பதில் இரண்டு வரி, ஊர் இருட்டைப் பற்றி நாலு வரி. என் ஜாதி.

அவள் சொன்னது: அம்புக்குறியின் வேகத்தைக் குறை. எழுத்தைப் பெரிதாக்கு.

இரண்டும் முன்பே செய்தாயிற்று. அப்படியே எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். நாலு மணி இருட்டில் ஒரு கடற்கரை, அதில் எங்கள் கம்பெனி பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயர் முடிகிறார்கள், வலை போலப் போய்க்கொண்டே இருக்கிறது. யாரோ ஒருத்தி விளக்குப் பிடிக்கிறாள். கண்டக்டர் எழுப்பினார். நான் இறங்க வேண்டிய வடக்குப்பட்டு தாண்டிவிட்டது. நனைந்துகொண்டே நடந்தேன். கோபமே வரவில்லை.

நவ. 27, சனி

தக்காளி, தீப்பெட்டி, இவருக்கு இருமல் மருந்து. குடைக்கம்பி.

எலீனாவின் இரண்டாவது பதில். பேப்பரில் எழுதிக்கொண்டு வந்ததை இங்கே தமிழில்:

'நீ திரையைப் பற்றியே எழுதுகிறாய். அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் அவள் கை எங்கே இருக்கிறது? பின்னால் நிற்காதே. எதிரே போய் உட்கார். திரையை மற, அவளைப் பார்.'

சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும். கடலுக்கு அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்கிறாளே என்று. ஆனால் நிஜமாகவே, இசக்கியின் முகம் கம்ப்யூட்டர் முன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னந்தலையும் ரிப்பனும்தான் தெரியும்.

நவ. 28, ஞாயிறு

இவருக்கு நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்தது. ஒரு வாரமாக வாசலில்தான் பார்த்துக்கொண்டோம், ஒருவர் செருப்புப் போடும்போது மற்றவர் கழற்றுவோம். இன்று இருவரும் வல்லக்கோட்டை முருகன். கூட்டம். மழை விட்டு வானம் கழுவினமாதிரி. கோயிலைச் சுற்றும்போது சாமியை மறந்து இசக்கியின் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றை முடிக்காமல் நின்றுவிட்டேன்போல.

இவர்: "இன்னாமே, நின்னுகினே தூங்கறியா?"

"யோசிக்கிறேன்."

"சாமியாண்ட வந்தா எதுனா கேளு. அப்பால யோசி."

கேட்டேன். இசக்கி பாஸாகணும் என்று வெளிப்படையாக, பேர் சொல்லி. சாமிக்கு எந்த இசக்கி என்று குழப்பம் வரக்கூடாது என்று பேட்ச் நம்பரும் சொன்னேன்.

நவ. 29, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணல்.

மத்தியானம் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம், இசக்கிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திரை எனக்குத் தெரியாது, அவள் முகமும் கைகளும் தெரியும். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. ஆரம்பி என்றேன்.

அமுக்கினாள். உடனே மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மேஜை விளிம்புக்கு மேலே நாலு விரல் உயரம் தூக்கினாள். தலையை லேசாகத் திருப்பினாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கை மவுஸுக்குத் திரும்பியது. அடுத்த கேள்வி. அமுக்கினாள். கையை எடுத்தாள். தூக்கினாள். காத்திருந்தாள்.

ஓகேவுக்கு.

இது நான் சொல்லிக்கொடுத்தது. வேலைக்கு வந்த முதல் நாள் முதல் பாடம், எல்லா பேட்ச்சுக்கும்: ஒயர் மாட்டினாயா? கையை எடு. கையைத் தூக்கு. லைன் லீடர் பார்த்துத் தலையாட்டி ஓகே சொன்ன பிறகுதான் அடுத்த பீஸ். ஒரு ஒயர் துளை மாறிப்போனால் பிரேக்கை மிதிக்கும்போது ஹாரன் அடிக்கும் என்று பயமுறுத்தியும் வைப்பேன். மற்றவர்கள் போர்டுக்கு ஒரு கை, கம்ப்யூட்டருக்கு ஒரு கை என்று வைத்துக்கொண்டார்கள். இசக்கி நான் சொன்னதை முழுக்க நம்பிவிட்டாள்.

பயிற்சியில் எப்படி முடித்தாள்? நான் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் "ம்" சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அவளைக் கேட்டேன்.

"ஆமா மேடம், நீங்க 'ம்' சொல்லுவீங்கள்லா. டெஸ்ட்டு ரூம்ல யாரும் சொல்ல மாட்டேங்காவ. சரி, நம்ம பீஸ்ல ஏதோ கோளாறு போல, பாத்துட்டு வருவாவன்னு இருந்தேன்."

அந்த அறையில் அரை மணி நேரம், யாரோ வந்து பார்ப்பார்கள் என்று கையை லேசாகத் தூக்கியபடி. இரண்டு தடவை.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

நவ. 30, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. ஷெட்டுக்கு வெளியே தேங்கிய தண்ணீரில் சோடியம் விளக்கு பட்டப்பகலில் எரிகிறது. அணைக்க யாருக்கும் ஆர்டர் இல்லை போலிருக்கிறது.

எதிரே உட்கார்ந்து இன்றும் பழகினோம்.

"ஓகே வேண்டாம் இசக்கி. அது லைனுக்கு. இது பரீட்சை. அமுக்கு, அடுத்தது, அமுக்கு, அடுத்தது."

"எனக்குத் தெரியுது மேடம். கை கேக்க மாட்டேங்கு."

சிரித்துவிட்டாள், நானும். பிறகு அவள் இடது கையால் வலது கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கை நின்றது, தலை திரும்பியது. தலையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இருபத்தேழு கேள்வியில் நேரம் முடிந்தது.

மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள் ஒருத்தி. ரூம்மேட் மாரி: "ஏட்டி, டெஸ்ட்டு ரூம்ல ஒரு தலையாட்டிப் பொம்மைய வச்சிருவோம்."

எல்லோரும் சிரிக்க, எனக்கு யோசனை வந்தது.

டிச. 1, புதன்

பிரபாகர் சாரிடம் போனேன். டெஸ்ட் அறைக்குள் நான் நிற்கிறேன், ஒவ்வொரு கேள்விக்கும் தலை மட்டும் ஆட்டுகிறேன் என்றேன்.

"மேடம், கிண்டலா? சிக்னல் குடுத்தீங்கன்னு ஆடிட்ல எழுதுவாங்க. உங்க வேலையும் போகும்."

"நான் கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன் சார். திரை எனக்குத் தெரியவே தெரியாது. சரிக்கும் ஆட்டுவேன், தப்புக்கும் ஆட்டுவேன்."

"அப்புறம் எதுக்கு ஆட்டறீங்க?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடித் திறந்து மூடினார். ஆள் மோசமில்லை, மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். கடைசியில், "உள்ள வரக் கூடாது. கண்ணாடிக்கு வெளிய காரிடார்ல யார் வேணா நிக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

கண்ணாடிக்கு வெளியே எந்த இடத்தில் நின்றால் இசக்கியின் சீட்டிலிருந்து தெரியும் என்று பார்த்துவைத்தேன். தீயணைக்கும் சிலிண்டருக்கு இடது பக்கம். அவளையும் கூட்டிவந்து காட்டினேன். பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதே மேடம்?"

"வராது."

எனக்கும் தெரியாது. வேலை போனால் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். நாலு மணிக்கு இருட்டுகிற ஊருக்குப் போய் எலீனாவுடன் பாடம் நடத்துவேன். பாஸ்போர்ட் இல்லை. பரவாயில்லை, யோசனைக்கு எதற்குப் பாஸ்போர்ட்.

டிச. 2, வியாழன்

பத்தரைக்கு டெஸ்ட். சிலிண்டருக்குப் பக்கத்தில் பத்து இருபத்தைந்துக்கே நின்றேன். கண்ணாடியில் என் முகம், அதற்குள் அவள் முகம். உள்ளே ஏசி, சத்தமே வெளியே வராது.

காரிடாரில் மணி அடித்தது. முதல் கேள்வி. அமுக்கினாள் என்பது தோளில் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

அவள் பார்க்கவில்லை.

சரி, பதற்றம், மறந்திருப்பாள். இரண்டாவது. ஆட்டினேன். பார்க்கவில்லை. கை மவுஸை விட்டு எழும்பவில்லை. மூன்றாவது, நாலாவது. உதடு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன அசைவு. பத்தாவதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டேன். என் தலை மட்டும் யாருக்கோ ஆடிக்கொண்டிருந்தது. காரிடாரில் போன கேன்டீன் அக்கா, "இன்னா மேடம், பேய் புட்ச்சுக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறு நிமிஷம் மிச்சம் வைத்து எழுந்தாள். நாற்பதில் முப்பத்தெட்டு. பிரபாகர் சாரே வெளியே வந்து சொன்னார், கழுத்து நேராக இருந்தது.

அவளை வாசலில் பிடித்தேன்.

"என்னை ஏன் பார்க்கல?"

"உங்க வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்லா."

"அப்ப ஓகே யாரு சொன்னா?"

வெட்கப்பட்டாள். ரிப்பனை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நானேதான் மேடம். உள்ளுக்குள்ளயே. 'ஓகே இசக்கி, ஓகே இசக்கி'ன்னு. நேத்து ராத்திரி பூரா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். மொதல்ல கூச்சமா இருந்துச்சு."

ஓடிவிட்டாள், ரூம்மேட்களிடம் சொல்ல. நான் அங்கேயே நின்றேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு தடவைகூட எனக்கு நான் சொல்லிக்கொண்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

டிச. 4, சனி

வெயில்! துணி எல்லாம் காய்ந்தது.

சென்டர். எலீனாவுக்கு எழுதினேன். நீளமாக, நடந்ததெல்லாம். அந்த சைட்டில் நம் பாடத்தைப் போடுகிற இடத்தில் நானும் ஒன்று போட்டேன். முதல் முறை. மீனும் இல்லை, படமும் இல்லை. 'மாணவர் தேர்வில் மட்டும் மெதுவாக இருந்தால் எதிரே உட்கார்ந்து கையைப் பாருங்கள்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். இங்கிலீஷ் தப்பு இருக்கும். இருக்கட்டும். நம் வாசலிலும் ஒரு சட்டி வைத்தாயிற்று.

சென்டர்காரர் எட்டிப் பார்த்து: "சொந்தமாவா எழ்தினீங்கோ? சூப்பரு."

டிச. 6, திங்கள்

பனி. ஹைவேயில் லாரி விளக்குகள் மட்டும் மிதந்து வந்தன. பஸ் மெதுவாகப் போனது, போகட்டும் என்றிருந்தது.

புது பேட்ச். முப்பது பெண்கள், தூக்கம் கலையாத கண்கள். முதல் பாடம். ஒயர் மாட்டினாயா, கையை எடு, கையைத் தூக்கு, ஓகே வாங்கு. வேறு என்ன சொல்ல? லைனுக்கு அது வேண்டும். ஹாரன் கதையும் சொன்னேன். சொல்லும்போது நாக்கு ஒரு இடத்தில் தடுக்கியது. யாரும் கவனிக்கவில்லை.

டீ நேரத்துக்கு முன்னால் அவர்களை வேலை நடக்கிற ஷாப் ஃப்ளோர் காட்டக் கூட்டிப்போனேன். மூன்றாவது லைனில் இசக்கி, புதுத் தொப்பி. ஒரு ஒயரை மாட்டினாள். கையை எடுத்தாள், அழகாக மேலே தூக்கினாள். "பாருங்க, இப்படித்தான்," என்றேன் பெண்களிடம்.

லைன் லீடர் அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. இசக்கியின் கை மேலேயே நின்றது. கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம். பிறகு அவள் குனிந்து மாட்டிய ஒயரை இழுத்துப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், உதடு லேசாக அசைந்தது. அடுத்த பீஸை எடுத்துவிட்டாள்.

முப்பது பெண்களையும் கேன்டீன் பக்கம் திருப்பினேன். நான் எதையும் பார்க்கவில்லை. இங்கே எழுதவும் இல்லை.